வெயிலிலும் சூடேறாத வெள்ளைப் பூச்சு: துகள் தேர்வு முதல் கூரை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பட்டுப்புழு மனை வைத்திருப்பவர்கள், மாங்கூழ்க் கிடங்குக்காரர்கள், சிறிய அளவில் பெயிண்ட் கலப்பவர்கள், புராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். முதல் இரண்டு பதில்களைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வரும் கணக்கெல்லாம் அவற்றில்தான் நிற்கிறது.

கரன்ட் இல்லாம, தண்ணி இல்லாம ஒரு பொருள் தானா குளிருமா? நம்பற மாதிரி இல்லையே?

மார்கழி விடியலில் ஓசூர், தளி பக்கம் திறந்தவெளியில் நின்ற வண்டியின் சீட்டைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருக்கும். பக்கத்திலேயே புளியமரத்தடியில் நின்ற வண்டியின் சீட் காய்ந்திருக்கும். இரண்டுக்கும் காற்று ஒன்றுதான். திறந்தவெளியில் நின்ற சீட் வானத்தைப் பார்த்துத் தன் சூட்டை இழந்து, காற்றைவிடக் குளிர்ந்து, பனியை இழுத்துக்கொண்டது. மரத்தடிச் சீட்டுக்கு வானம் தெரியவில்லை.

எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகச் சூட்டை வெளியே விடுகிறது. 27 டிகிரியில் இருக்கும் பரப்பு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 460 வாட் வரை விடும். காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. 8 முதல் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் மட்டும் காற்று ஏறக்குறைய கண்ணாடி மாதிரி. அந்தச் சன்னல் வழியாகச் சூடு விண்வெளிக்கே போய்விடும். வறண்ட, மேகமில்லாத வானத்தில் இப்படி நிகரமாகப் போவது சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட்.

அப்போ பகல்ல ஏன் குளிர மாட்டேங்குது?

பகலிலும் அதே 100 வாட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட்டைக் கொட்டுகிறது. பூச்சு வெயிலில் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினால் உள்ளே வருவது 100 வாட். வரவும் செலவும் சரியாகப் போகும், காற்றின் சூட்டிலேயே நிற்கும். 95 சதவீதம் என்றால் 50 வாட் மிச்சம். 85 சதவீதம் என்றால் 50 வாட் கடன்.

ஒவ்வொரு 1 சதவீதமும் 10 வாட். இந்தத் துறையின் சண்டை முழுக்க 90க்கும் 98க்கும் இடையில்தான். பகல் வெயிலில் காற்றைவிடக் குளிர்ந்த பரப்பை 2014இல் ஸ்டான்ஃபோர்டில் செய்து காட்டினார்கள்: ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிக்காவும் மாறி மாறி அடுக்கிய மெல்லிய படலம், 97 சதவீதப் பிரதிபலிப்பு, காற்றைவிட 4.9 டிகிரி குறைவு. ஆனால் அது வெற்றிடக் கருவியில் படியவைப்பது. கொட்டாய்க் கூரைக்கு ஆகாது. துகள் கலந்த பூச்சின் மேல் எல்லோருக்கும் கண் விழுந்தது அதனால்தான்: டிரம்மில் கலக்கி பிரஷ்ஷில் அடித்துவிடலாம்.

மாடிக்கு சுண்ணாம்பு அடிக்கிறோமே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

உறவு உண்டு. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. குளிர்ப்பூச்சில் போடும் முக்கியத் தூள்களில் அதுவும் ஒன்று. ஆனால் சுண்ணாம்பு அடித்த படலம் மெலிசு. புதிதாக அடித்தால்கூட 80 சதவீதத்தைச் சுற்றித்தான் திருப்பும். மேலே சொன்ன கணக்கில் அது இன்னும் கடனில்தான் நிற்கிறது. இரண்டு மழையில் உதிரவும் செய்யும்.

ஆனால் இந்தத் துறையின் பாதிப் பாடத்தைச் சுண்ணாம்பு அடிப்பவர் தினமும் கண்ணால் பார்க்கிறார். அடித்தவுடன் சுவர் மங்கலாக, அடியில் உள்ள கறை தெரிகிற மாதிரி இருக்கும். காயக் காயப் பளிச்சென்று வெளுக்கும். தூள் அதேதான், அளவும் அதேதான். ஈரத்தில் துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருந்தது. காய்ந்ததும் அந்த இடத்துக்குக் காற்று வந்துவிட்டது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். கால்சியம் கார்பனேட்டுக்கு அது சுமார் 1.6, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வித்தியாசம் கூடக்கூட ஒளி அதிகமாகச் சிதறும். வெண்மை என்பது தூளின் குணம் மட்டுமல்ல, தூளுக்கும் இடைவெளிக்கும் உள்ள வித்தியாசத்தின் குணம். இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை நீங்களே சொல்லிவிடலாம்.

துகள் எவ்வளவு நைஸா இருக்கணும்? நானோ போட்டா இன்னும் நல்லதா?

இல்லை. துகள் ஒளியின் அலைநீளத்தோடு ஒத்த அளவில் இருந்தால்தான் நன்றாகச் சிதறடிக்கும். 50 நானோமீட்டர் (0.05 மைக்ரான்) துகளைக் கடந்து ஒளி கண்டுகொள்ளாமல் போய்விடும். 20 மைக்ரான் துகள் என்றால் அதே எடைக்குத் துகள் எண்ணிக்கை குறைந்து, சிதறும் பரப்பும் குறைந்துவிடும். வேலைக்கு ஆகும் எல்லை ஏறக்குறைய 0.2 முதல் 1 மைக்ரான் வரை.

எல்லாத் துகளும் ஒரே அளவில் இருப்பதும் தவறு. வெயிலின் ஆற்றல் 0.3 முதல் 2.5 மைக்ரான் வரை பரவியிருக்கிறது: சுமார் 5 சதவீதம் புற ஊதா, கண்ணுக்குத் தெரிவது 45 சதவீதத்தை ஒட்டி, மீதி ஏறக்குறைய பாதி அருகிலுள்ள அகச்சிவப்பு. சிறு துகள் நீலத்தைப் பிடிக்கும், பெரிய துகள் அகச்சிவப்பைப் பிடிக்கும். பர்டியூ பல்கலைக்கழகத்தில் 98.1 சதவீதம் காட்டிய பேரியம் சல்பேட் பெயிண்ட்டில் சராசரி 400 நானோமீட்டர்தான், ஆனால் அளவு அகலமாகப் பரவியிருந்தது. தூள் வாங்கும்போது சராசரியை மட்டும் கேட்காதீர்கள், அளவுப் பரவல் வரைபடத்தையும் கேளுங்கள்.

பெயிண்ட் கடையில டைட்டானியம்தான் பெஸ்ட் வெள்ளைங்கறாங்க. அதையே நிறைய போட்டா?

கண்ணுக்கு அதுதான் சிறந்தது. ரூட்டைல் டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் 2.7, மெல்லிய பூச்சிலேயே அடி மறைந்துவிடும். ஆனால் 410 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை அது விழுங்கிவிடுகிறது. புற ஊதா முழுவதும், ஊதாவின் ஒரு ஓரமும் உள்ளேயே போகும். 1 சதவீதம் 10 வாட் என்ற கணக்கில், அந்த 5 சதவீதம் என்பது 50 வாட்: வானத்துக்குப் போகும் 100 வாட்டில் பாதி. இன்னும் கொட்டினாலும் இது சரியாகாது, பொருளின் குணமே அப்படி.

பேரியம் சல்பேட், கால்சியம் கார்பனேட் இரண்டும் புற ஊதாவை விழுங்குவதில்லை. ஆனால் ஒளிவிலகல் எண் 1.6 பக்கம், தூளைப் பிடித்து ஒட்டவைக்கும் அக்ரிலிக் பிசினுக்கு (பைண்டர்) 1.49. வித்தியாசம் கொஞ்சம்தான். அதை ஈடுகட்ட இரண்டே வழி: தூளை மிக நெருக்கமாகப் போடுவது, பூச்சைத் தடிமனாக்குவது. பர்டியூ பெயிண்ட்டில் கன அளவில் 60 சதவீதம் தூள், 400 மைக்ரான் தடிமன். சாதாரண வீட்டுப் பெயிண்ட் இரண்டு கோட் காய்ந்தால் 100 மைக்ரான்கூட வராது.

60 சதவீதம்னா எடையிலயா? கலக்கற அளவு கொஞ்சம் சொல்லுங்க.

எடையில் இல்லை, படியில் அளப்பது மாதிரி கன அளவில். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி 2.7, பேரியம் சல்பேட்டுக்கு 4.5. ஒரு கிலோ கால்சியம் கார்பனேட் போடும் இடத்தில் பேரியம் சல்பேட் 1.67 கிலோ வேண்டும்.

சோதனைக்கு ஒரு கலவை. 400 மில்லி தண்ணீரில் துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் பிரிக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் டிஸ்பர்சன்ட் (40 சதவீதக் கரைசல்) 15 மில்லி, நுரையடக்கி 3 மில்லி, பூஞ்சைத் தடுப்பான் 2 மில்லி. அதில் வீழ்படிவு முறையில் செய்த கால்சியம் கார்பனேட் 1 கிலோவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பல் தகடு பொருத்திய டிஸ்பர்சரில் நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றில் அரை மணி நேரம். பிறகு வேகத்தை 400க்கு இறக்கி, 50 சதவீதத் திடப்பொருள் உள்ள சுத்த அக்ரிலிக் எமல்ஷன் 540 கிராம், படலம் சேர்க்கும் கரைப்பான் 13 கிராம், கடைசியில் தனியாக ஊறவைத்த செல்லுலோஸ் கெட்டியாக்கி 3 கிராம். எமல்ஷனை அதிவேகத்தில் ஊற்றினால் தயிர் மாதிரி திரிந்துவிடும். டிரில்லில் துடுப்பு மாட்டிக் கலக்குவது போதாது. துகள்கள் கட்டியாகவே நிற்கும். 20 மைக்ரான் கட்டி என்றால் 20 மைக்ரான் துகள்தான், துகள் அளவைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அங்கேயே வீணாகும். கட்டியின் அளவைக் காட்டும் கிரைண்ட் கேஜில் இழுத்துப் பார்த்துவிட்டு எமல்ஷன் ஊற்றுங்கள்.

இது சுமார் 1.3 லிட்டர் வரும். 400 மைக்ரான் தடிமனுக்கு 1.5 சதுர மீட்டர்தான் ஆகும். காய்ந்தபின் எடை சதுர மீட்டருக்கு 800 கிராம் சொச்சம். பேரியம் சல்பேட் என்றால் 1.25 கிலோ. செலவையும் கூரை தாங்கும் எடையையும் இந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஸ்டைரீன் அக்ரிலிக் எமல்ஷன் மலிவுதான், ஆனால் வெயிலில் மஞ்சளடிக்கும். ஒரு மஞ்சள் நிழல்கூட நமக்கு வாட் கணக்கில் நட்டம்.

ஒரே கோட்ல தடிமனா அடிச்சோம். வறண்ட ஏரி மாதிரி வெடிச்சிருச்சு. ஏன்?

ஏரி வெடிக்கும் அதே காரணம்தான். மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்குகிறது, அடி இன்னும் ஈரம். தூள் 60 சதவீதம் என்றால் பைண்டருக்கு இழுவையைத் தாங்கும் வலு குறைவு. ஈரத்தில் 200 மைக்ரானுக்கு மேல் ஒரு கோட் போடாதீர்கள். அது காய்ந்தால் 95 மைக்ரான் நிற்கும். அதாவது ஒரு லிட்டருக்கு 5 சதுர மீட்டர், நாலு கோட், கோட்டுக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம். சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் ஷீட் கொதிக்கும். அதற்குமேல் அடித்தால் பிரஷ் இழுக்கும்போதே காய்ந்து வெடிக்கும். சாயங்காலம் அடியுங்கள்.

பழைய சிமென்ட் ஷீட்டில் கல்நார் இருக்கலாம். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். நனைத்து, மென்மையான பிரஷ்ஷில் பாசியை எடுத்துவிட்டு, தண்ணீர் கலந்த எமல்ஷனை பிரைமராக ஒரு கோட் கொடுங்கள். ஷீட்டின் மேல் நேரடியாகக் கால் வைக்கவே கூடாது. பலகை போட்டு நடங்கள்.

நம்ம ஊர்ல கிரானைட் பாலிஷ் தூள் மலை மலையா கிடக்கு. அதைப் போட்டா சும்மா வந்துருமே?

மறுசுழற்சிக்கு நல்ல எண்ணம்தான், இந்த வேலைக்கு உதவாது. கிரானைட்டில் கருப்பு மைக்காவும் இரும்பு கலந்த கனிமங்களும் உண்டு. கேங்சாவில் (பல தகடுகள் சேர்ந்த ரம்பம்) அறுத்தது என்றால் எஃகுக் குருணையின் தேய்மானமும் சேர்ந்திருக்கும், ஈரம் பட்டால் துருக் கறை. சிதறும் ஒளி படலத்துக்குள் பலமுறை துள்ளித்தான் வெளியே வருகிறது. ஒவ்வொரு துள்ளலிலும் ஒரு கருந்துகள் குறுக்கே வர வாய்ப்பு. பாலில் ஒரு துளி டிகாஷன் விழுந்த மாதிரிதான். மட்டமான சுண்ணாம்புக்கல் தூளுக்கும் இரும்பு விஷயத்தில் இதே குறை.

8 மைக்ரான் கண்ணாடி மணி போடணும்னு படிச்சோம். நீங்க அதைச் சொல்லவே இல்லையே?

அது 2017இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செய்தது. 50 மைக்ரான் பாலிமர் படலத்தில் 8 மைக்ரான் சிலிக்கா மணிகள், அடியில் வெள்ளிப் பூச்சு; நடுப்பகலில் 93 வாட் குளிர்த்திறன். அங்கே வெயிலைத் திருப்பும் வேலை வெள்ளிக்கு, சன்னல் வழியாகச் சூட்டை விடும் வேலை மணிக்கு. சிலிக்கா 9 மைக்ரான் பக்கம் வலுவாக அதிர்வதால் அதற்குப் பொருத்தம்.

நம் பூச்சில் வெள்ளி இல்லை. அக்ரிலிக்கே 8, 9 மைக்ரானில் நன்றாக உமிழும்; பேரியம் சல்பேட்டும் அங்கேயே உமிழும். 100 மைக்ரானைத் தாண்டிய எந்த அக்ரிலிக் பூச்சுக்கும் உமிழ்வு (சூட்டைக் கதிராக விடும் திறன், உச்சம் 1) 0.9க்கு மேல் சும்மா கிடைக்கும். கிடைத்துவிட்டதைத் தேடி அலைய வேண்டாம். உழைப்பைப் பிரதிபலிப்பில் போடுங்கள். உள்ளே காற்றுள்ள வெற்றுக் கண்ணாடி மணிகள் வேறு சாமான்: எடை குறைக்கும், சூடு கடத்துவதையும் குறைக்கும். ஆனால் 20 முதல் 60 மைக்ரான் வரை பெரியவை, டிஸ்பர்சரில் நொறுங்கும். கடைசியில் கையால் கலக்குங்கள்.

தடிமனைக் குறைக்க ரெண்டையும் கலந்துட்டா? பாதி டைட்டானியம், பாதி பேரியம்?

ஒரே வாளியில் கலந்தால் டைட்டானியம் படலம் முழுக்க உட்கார்ந்து புற ஊதாவை விழுங்கும். அடுக்காகப் போட்டால் பலன் உண்டு: அடியில் டைட்டானியம் பூச்சு 100 மைக்ரான், மேலே பேரியம் சல்பேட்டோ கால்சியம் கார்பனேட்டோ 150 முதல் 200 மைக்ரான். குறுகிய அலை மேலடுக்கிலேயே சிதறிப் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆழம் போகும் நீண்ட அலையை டைட்டானியம் திருப்பும். 98 வராது. ஆனால் கூரை எடையும் கூலியும் குறையும். கொட்டகைக்கு எங்கள் சிபாரிசு இதுதான்.

கல்லூரி லேப்ல 101 சதவீதம் காட்டுது சார். ரெக்கார்டா?

இல்லை. பிரதிபலிப்பை ஒரு வெள்ளைத் தட்டோடு ஒப்பிட்டுத்தான் கருவி சொல்கிறது. பல லேப்களில் அந்த வெள்ளைத் தட்டே அமுக்கிய பேரியம் சல்பேட் தூள்தான். அழுக்கேறிய தட்டை 100 என்று எடுத்துக்கொண்டால் உங்கள் மாதிரி அதைத் தாண்டத்தான் செய்யும். தட்டின் அளவுச் சான்றிதழ் எண்ணால் பெருக்குங்கள். இன்னொன்று: சாதாரண யூவி கருவி 800 அல்லது 1100 நானோமீட்டரோடு நின்றுவிடும். வெயிலின் பெரிய பங்கு அதற்கு அப்பாலும் இருக்கிறது. எல்லாத் திசையிலும் சிதறும் ஒளியைச் சேர்த்து அளக்கும் ஒருங்கிணைப்புக் கோளம் உள்ள, 2500 வரை போகும் கருவிதான் வேண்டும். மாதிரியின் அடியில் கறுப்பு அட்டை வையுங்கள். வெள்ளை அட்டை வைத்தால் அட்டையையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

அவ்ளோ பெரிய மெஷின் இல்லாம வீட்டுல சோதிக்க முடியாதா?

முடியும். ஒரு அடிக்கு ஒரு அடி சிமென்ட் ஷீட் துண்டுகள் மூன்று: ஒன்று வெறுமனே, ஒன்று கடைப் பெயிண்ட், ஒன்று உங்கள் பூச்சு. ஒவ்வொன்றின் முதுகிலும் டிஜிட்டல் சென்சாரை ஒட்டி, அடியிலும் ஓரத்திலும் 5 செ.மீ. தெர்மாகோல். மூன்றும் வானத்தை நேராகப் பார்க்கட்டும். சுவரும் மரமும் மறைக்கக் கூடாது. காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் நிழலில், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். அது வெயிலில் இருந்தால் நாலைந்து டிகிரி கூடக் காட்டும். “காற்றைவிட ஆறு டிகிரி குறைவு” என்ற புராஜெக்ட் முடிவுகளில் பல இந்தத் தவறால் வந்தவை.

ஐ.ஆர். கன் இருந்தால் இரவில் மேகமில்லாத வானத்தைப் பார்த்து அழுத்துங்கள். அதுவும் 8 முதல் 14 மைக்ரானில்தான் பார்க்கிறது. வறண்ட இரவில் பூஜ்யத்துக்கும் கீழே காட்டும். மேகத்தைக் காட்டினால் சட்டென்று ஏறும். எந்தெந்த நாளில் உங்கள் பூச்சு வேலை செய்யும் என்பதை அந்த எண் சொல்லிவிடும். பளபளப்பான தகரத்தில் மட்டும் அதை நம்பாதீர்கள்: தகரத்தின் சூடு தெரியாது, அதில் பிரதிபலிக்கும் வானத்தின் சூடுதான் தெரியும்.

சென்னையில வேலை செய்யல, தர்மபுரியில செய்யுமா?

கடற்கரையைவிட இங்கே நன்றாகச் செய்யும். சன்னலை அடைப்பது நீராவி. மாசி, பங்குனியில் நம் காற்று வறண்டது. ஐப்பசி மழை நாட்களில் இரு ஊரிலும் பெரிய பலன் இருக்காது, அப்போது தேவையும் இல்லை.

ஆறு மாசத்துல செம்மண் படிஞ்சு காவி ஆயிடுது. மேல கிளியர் கோட் அடிச்சா?

அடித்தவுடன் பூச்சு மங்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தில் மங்கியது நினைவிருக்கிறதா? கிளியர் கோட்டின் பிசின் பூச்சிலுள்ள நுண்துளைக்குள் இறங்கிக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. தண்ணீராவது காயும், பிசின் காயாமல் அங்கேயே நிற்கும். சிலேன் சிலாக்ஸேன் வகை நீர்விலக்கி பரவாயில்லை: துளைச் சுவரில் மட்டும் ஒட்டும், துளையை நிரப்பாது. அதையும் ஒரு துண்டில் சோதித்துவிட்டு அடியுங்கள்.

செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடு, நீலத்தை விழுங்கும். குவாரி, கிரஷர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு 95 சதவீதம் என்பது கழுவிய அன்றைய கணக்கு. மாசி பிறக்கும்போது மென்மையான பிரஷ்ஷும் தண்ணீரும் போட்டு ஒருமுறை கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தூள் நிறைந்த பூச்சு உரிந்துவிடும்.

பட்டுப்புழு மனைக்கு அடிச்சா 25 டிகிரி வந்துருமா?

வராது. நரைத்த சிமென்ட் ஷீட் கோடையில் 60 டிகிரியைத் தாண்டும். பூச்சு அதைக் காற்றின் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவரும். தலைக்கு மேலிருந்து அடிக்கும் அனல் நிற்கும். ஆனால் வெளியே 38 டிகிரி என்றால், மனையின் சன்னல் வழியாக உள்ளே வரும் காற்றும் 38தான். ஐந்தாம் பருவப் புழுவுக்கு வேண்டிய 24, 25க்கு ஈரச் சாக்கும் ஃபாகரும் தேவைப்படும். அவற்றின் சுமை குறையும், அவ்வளவுதான். கான்கிரீட் கூரைக்கும் இதேதான். அங்கே பலன் சாயங்காலத்தில் அதிகம் தெரியும், ஏனென்றால் பகல் சூட்டைத் தேக்கிவைத்து இரவில் இறக்குவது கான்கிரீட்.

தகர ஷீட் மனையில அடிச்சோம். விடியற்காலைல உள்ளே தண்ணி சொட்டுது, தழையெல்லாம் நனையுது. பூச்சுல ஓட்டையா?

ஓட்டை இல்லை, பூச்சு வேலை செய்கிறது. பளபளப்பான தகரத்தின் உமிழ்வு மிகக் குறைவு. இரவில் அது வானத்துக்குச் சூட்டை விடாது. பூச்சு அடித்ததும் உமிழ்வு 0.9க்கு மேல் போய்விட்டது, முதல் பதிலில் வந்த வண்டி சீட் மாதிரி ஆகிவிட்டது. மனைக்குள் 25 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 19 டிகிரியிலேயே நீர் கோக்கும். தகரம் அதற்குக் கீழே போனால் சொட்டும். சிமென்ட் ஷீட்டுக்கு இந்தப் புதுத் தொல்லை பெரிதாக வராது: அது முன்பே நன்றாக உமிழ்கிறது, இரவுக் கணக்கு அதிகம் மாறுவதில்லை.

நனைந்த மல்பெரித் தழையும் ஈரப் படுக்கையும் பூஞ்சண நோய்க்கு வழி. தகரத்துக்கு அடியில் 25 மில்லிமீட்டர் மூடுதுளை நுரைத் தாளை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள், இணைப்புகளில் டேப். சும்மா தொங்கவிட்டால் ஈரக்காற்று மேலே ஏறி, தாளுக்கு மேலே சொட்டித் தேங்கும். அதுவரை இரவில் முகட்டுச் சன்னலைத் திறந்து வையுங்கள். தை மாதக் குளிரில் ஓசூர் பக்கம் எப்படியும் ஹீட்டர் போடுபவர்கள், கரன்ட் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் தகரத்துக்கு இதை அடிக்க வேண்டும்.